சூட்டு வலி என்று விட்டுவிடலாமா? ஆண்களின் அடிவயிற்று வலியும் அதன் காரணங்களும்

சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் காய்ந்து நிற்கும் பங்குனி, சித்திரை மாதங்களில், எங்கள் புறநோயாளிப் பிரிவில் நாள் தவறாமல் ஒரு சொற்றொடரைக் கேட்கிறோம். “டாக்டர், சூடு பிடித்துவிட்டது” என்பதே அது. கூறுபவர் வயலில் வேலை பார்த்துவிட்டு வந்த இருபது வயது இளைஞராக இருக்கலாம். டிராக்டர் ஓட்டும் நடுவயதினராக இருக்கலாம். இரவில் ஐந்தாறு முறை எழுந்து சிறுநீர் கழிக்கச் செல்லும் எழுபது வயதுப் பெரியவராகவும் இருக்கலாம். மூவரும் கை வைத்துக் காட்டும் இடம் ஏறக்குறைய ஒன்றே. தொப்புளுக்குக் கீழே, தொடைகளுக்கு மேலே.

நம் வீடுகளில் இதற்கென்று ஒரு வைத்தியம் வழிவழியாக உண்டு. இளநீர், மோர், நீராகாரம் குடிக்கச் சொல்வார்கள். தொப்புளில் எண்ணெய் தடவுவார்கள். இவற்றைக் குறை கூறுவதற்கில்லை. வெயிலில் வியர்வையாக நீர் வெளியேறினால் சிறுநீர் அடர்ந்துபோகும். அடர்ந்த சிறுநீர் கழிக்கும்போது எரியும். நீர் அருந்தினால் அந்த எரிச்சல் தணியும். ஆகவே “சூடு” என்ற சொல்லில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அதே சொல்லின் மறைவில் சிறுநீரகக் கல்லும், புராஸ்டேட் சுரப்பியின் தொற்றும், முறுக்கிக்கொண்ட விரையும், இறங்கிய குடலும் ஒளிந்திருக்கக்கூடும். சில காரணங்களுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம். சிலவற்றுக்கு ஆறு மணி நேரம்கூடப் பொறுக்க இயலாது. அந்த வேறுபாட்டை நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

இடம் ஒன்று, உறுப்புகள் பல

இடுப்பு எலும்புகள் ஒரு கிண்ணம்போல் அமைந்துள்ளன. ஆண்களுக்கு அந்தக் கிண்ணத்துள் முன்புறம் சிறுநீர்ப்பையும், அதன் கழுத்தடியில் புராஸ்டேட் சுரப்பியும், பின்புறம் மலக்குடலும் நெருக்கமாக அடங்கியிருக்கின்றன. கிண்ணத்தின் அடிப்பகுதியைத் தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். சிறுநீரையும் மலத்தையும் அடக்குவதும் விடுவதும் இத்தசைகளின் வேலை. வெளியே விரைப்பையும் ஆண்குறியும் இருக்கின்றன. வலப்பக்கம் குடல்வாலும், இருபுறமும் சிறுநீரகத்திலிருந்து இறங்கிவரும் குழாய்களும் இப்பகுதியை ஒட்டியவையே.

இவ்வுறுப்புகளிலிருந்து வலியை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்புகளில் பல, தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் சென்று சேர்கின்றன. அதனால் எந்த உறுப்பு வலிக்கிறது என்பதை மூளையால் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. கருவில் இருக்கும்போது விரை, சிறுநீரகத்தின் அருகே உருவாகிப் பிறகு கீழே இறங்குகிறது. நரம்புத் தொடர்பு மட்டும் பழைய இடத்திலேயே நிலைத்துவிடுகிறது. இதனால்தான் சிறுநீரகக் குழாயில் கல் சிக்கியவருக்கு விரை வலிக்கிறது. விரை முறுக்கிக்கொண்ட சிறுவன் வயிறு வலிப்பதாகக் கூறுகிறான். கல் சிறுநீர்ப்பையின் வாயிலுக்கு அருகே வந்துவிட்டால் ஆண்குறியின் நுனியில் குத்தும்.

டெல்டாவில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. கல்லணையில் பிரியும் நீர் ஆறாகவும் கால்வாயாகவும் வாய்க்காலாகவும் கிளைத்துக் கடைமடைக்கு வருகிறது. கடைமடை வயல் காய்ந்தால் கோளாறு அந்த வயலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேலே எந்த மதகு அடைபட்டது, எந்தக் கரை உடைந்தது என்று பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். அடிவயிற்று வலியும் அத்தகையதே. வலிக்கும் இடம் ஒரு தடயம் மட்டுமே. காரணத்தைத் தேடித்தான் கண்டறிய வேண்டும்.

காத்திருக்கக் கூடாத வலிகள்

முதலாவது, விரை முறுக்கம். விரை தன் இரத்தக் குழாயோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். இது பெரும்பாலும் வளரிளம் பருவத்துச் சிறுவர்களுக்கு நேர்கிறது, பெரியவர்களுக்கும் நேரலாம். திடீரென்று, பல வேளைகளில் உறக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வகையில், கடுமையான வலி தோன்றும். குமட்டலும் வாந்தியும் சேரும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை நீக்கினால் விரையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் செல்லச் செல்ல அந்த வாய்ப்பு விரைந்து குறையும். ஆனால் பதின்ம வயதுச் சிறுவன் தாயிடமோ தந்தையிடமோ இந்த இடத்தைக் காட்டக் கூச்சப்படுகிறான். வயிற்று வலி என்று மட்டும் சொல்கிறான். வீட்டில் கசாயம் வைத்துக் கொடுக்கிறார்கள், பொழுது விடிகிறது, விரை போய்விடுகிறது. எனவே சிறுவன் திடீர் வயிற்று வலி என்று கூறினால், “கீழே எங்கேனும் வலிக்கிறதா?” என்று பெற்றோர் தயக்கமின்றிக் கேளுங்கள். “வலிக்கிறது” என்றால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இரண்டாவது, சிறுநீர் முற்றிலும் அடைபடுதல். அடிவயிறு உப்பி, சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உந்துதல் தாங்க முடியாமல் இருந்தும் சொட்டுக்கூட வராத நிலை இது. வயதானவர்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் இது நேர்கிறது. சளிக்காகக் கடையில் வாங்கிய சில மாத்திரைகளும் இதைத் தூண்டிவிடும். குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றினால் சில நிமிடங்களில் வலி நீங்கும். வீட்டில் மேலும் மேலும் தண்ணீர் குடிக்கச் செய்வது துன்பத்தைக் கூட்டவே செய்யும்.

மூன்றாவது, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல். அடிவயிற்று வலி, சிறுநீர் எரிச்சல், விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் வலி, இவற்றோடு நடுக்கக் காய்ச்சலும் வந்தால் புராஸ்டேட் சுரப்பியில் கடுமையான பாக்டீரியத் தொற்று ஏற்பட்டிருக்கலாம். கல் அடைத்த சிறுநீரகத்தில் தொற்று சேர்ந்தாலும் இதே நடுக்கம் தோன்றும். அது உயிருக்கே ஆபத்தானது. நீரிழிவு உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும்.

நான்காவது, உள்ளே செல்லாத குடலிறக்கம். நெல் மூட்டை தூக்குபவர்கள், நாள்பட்ட இருமல் உள்ளவர்கள், சிறுநீர் கழிக்க முக்குபவர்கள் ஆகியோருக்குக் கவட்டியில் ஒரு புடைப்பு தோன்றுவதுண்டு. நிற்கும்போதும் இருமும்போதும் வெளியே வரும். படுத்தால் உள்ளே சென்றுவிடும். என்றேனும் ஒரு நாள் அது உள்ளே செல்லாமல் இறுகி, வலித்து, வாந்தியும் வந்தால், குடல் நெரிபடுகிறது என்று பொருள். உடனடி அறுவை தேவைப்படும்.

ஐந்தாவது, தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றில் நிலைத்து, நடந்தாலும் இருமினாலும் கூடும் வலி. இது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். இந்த ஐந்தில் எது தோன்றினாலும் மறுநாள் புறநோயாளிச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வாகனம் இல்லையெனில் 108-ஐ அழையுங்கள்.

நம் வட்டாரத்தில் அடிக்கடி காணப்படும் காரணங்கள்

அவசரம் இல்லாத வலிகளுள் முதலிடம் பெறுவது சிறுநீரகக் கல். வெயிலில் உழைத்தும் போதிய நீர் அருந்தாதவர்களின் சிறுநீரில் உப்புகள் படிந்து கல்லாகின்றன. விலாவின் பின்புறத்தில் தொடங்கி அடிவயிறு வழியாக விரை வரை அலையலையாக வந்து போகும் வலி கல்லுக்கு உரியது. வலி வந்தவர் ஓரிடத்தில் கிடக்க மாட்டார், புரண்டுகொண்டே இருப்பார். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உணவாகக் கொள்வதில் பெரும்பாலோருக்குத் தடையில்லை. ஆனால் குழாயில் சிக்கி அடைத்த பெரிய கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால், வலி ஓய்ந்த பிறகும் சிறுநீரகம் ஓசையின்றிப் பழுதடையும். கல் உள்ளவர் பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டியதில்லை. உப்பைக் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும். சிறுநீர் இளம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நீர் போதும் என்று கொள்ளலாம். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மட்டும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து சிறுநீர்ப்பாதைத் தொற்று. பெண்களோடு ஒப்பிட்டால் ஆண்களுக்கு இது குறைவு. ஆகவே ஆண் ஒருவருக்குத் தொற்று வந்தால், குறிப்பாகத் திரும்பத் திரும்ப வந்தால், அதற்குப் பின்னால் கல், புராஸ்டேட் வீக்கம், சிறுநீர் வடிகுழாய்ச் சுருக்கம், நீரிழிவு ஆகியவற்றுள் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலுறவின் வழியே பரவும் தொற்றுகளும் எரிச்சலையும் கசிவையும் விரை வீக்கத்தையும் உண்டாக்கும். அப்போது கணவன், மனைவி இருவரும் ஒரே காலத்தில் மருத்துவம் பெற்றால்தான் நோய் நீங்கும்.

காவிரிப் படுகைக்கே உரிய மற்றொரு காரணத்தையும் மறந்துவிடக் கூடாது. அது யானைக்கால் நோய். கும்பகோணம் வட்டாரம் இந்நோய்க்கு நெடுங்காலமாக அறியப்பட்டது. சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு, நூல்போன்ற புழுவின் நுண்குஞ்சுகளைப் பரப்புகிறது. இந்நோய் காலை மட்டுமே தாக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆண்களுக்கு அது விரைப்பையின் நிணநீர்க் குழாய்களையும் தாக்கும். அவ்வப்போது காய்ச்சலுடன் விரை வலிக்கும். நாளடைவில் விரைப்பையில் நீர் கோத்து ஓதமாக வளரும். இந்தியாவில் 2004 முதல் நடைபெற்ற கூட்டு மருந்து வழங்கல் திட்டத்தால் நோயின் பரவல் பெரிதும் குறைந்தது. ஆயினும் பல ஆண்டுகளுக்கு முன் தொற்றியதன் விளைவு இன்றைய முதியவர்களிடம் தொடர்கிறது. இப்புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக உலவும். அதனால்தான் சிலருக்கு இரவு நேரத்தில் இரத்தம் எடுக்கிறோம். ஓதத்தை எளிய அறுவையால் சரிசெய்யலாம். வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழிக்க வேண்டியதில்லை.

காசநோயையும் இங்கே குறிப்பிட வேண்டும். நுரையீரலைப் போலவே சிறுநீர்ப்பாதையையும் விரையை ஒட்டிய விந்துக்குழலையும் அது தாக்கும். மாதக்கணக்கில் எரிச்சல், அடிக்கடி சிறுநீர், சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்தும் வழக்கமான கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளராமை ஆகியவை அதன் தடயங்கள்.

சிறுநீரோடு தொடர்பில்லாத காரணங்களும் பல. மலச்சிக்கல், ஆசனவாய் வெடிப்பு, மூலம், குடலின் எரிச்சல் நோய், கீழ் முதுகெலும்பின் தட்டு விலகல், இடுப்பு மூட்டுத் தேய்மானம் ஆகிய யாவும் அடிவயிற்றிலும் கவட்டியிலும் வலியாகத் தோன்றலாம்.

புற்றுநோய் பற்றிய அச்சம் பலர் மனத்தில் இருக்கிறது. அடிவயிறு வலிக்கும் ஆண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மாறாக, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியின்றியே சிறுநீரில் இரத்தமாக வெளிப்படுகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மிகுதி. விரைப் புற்றுநோயும் பெரும்பாலும் வலியற்ற கட்டியாகவே தொடங்கும். ஆகவே வலி இல்லை என்பதற்காகச் சிறுநீரில் கண்ட இரத்தத்தையோ விரையில் கண்ட கட்டியையோ விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு முறை இரத்தம் வந்து நின்றிருந்தாலும் பரிசோதனை தேவை.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை. வலி மட்டும் இருக்கிறது

எங்களிடம் வருவோருள் மிகவும் மனம் நொந்து வருபவர்கள் ஒரு தனிப் பிரிவினர். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். முப்பத்தெட்டு வயதுடைய ஒருவர், நாள் முழுவதும் வாகனம் ஓட்டுபவர். எட்டு மாதங்களாக அடிவயிற்றிலும் விரைப்பைக்குப் பின்னாலும் வலி. உட்கார்ந்தால் கூடுகிறது. விந்து வெளிப்படும்போதும் வலிக்கிறது. நான்கு இடங்களில் ஐந்து வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வாங்கி உண்டிருக்கிறார். ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் இயல்பாகவே இருக்கின்றன. “ஒன்றும் இல்லை, மனப்பிரமை” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மனைவியிடமிருந்து விலகி உறங்குகிறார். காரணம் கேட்டால் எரிந்து விழுகிறார்.

இவருக்கு இருப்பது பிரமையன்று. இதற்குப் பெயர் உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1995-ஆம் ஆண்டு புராஸ்டேட் அழற்சியை நான்கு வகைகளாகப் பிரித்தன. முதல் வகை, திடீர் பாக்டீரியத் தொற்று. இரண்டாம் வகை, மீண்டும் மீண்டும் வரும் நாள்பட்ட பாக்டீரியத் தொற்று. மூன்றாம் வகை, கிருமி ஏதும் காணப்படாத நாள்பட்ட இடுப்பறை வலி. நான்காம் வகை, அறிகுறியே இல்லாமல் வேறு பரிசோதனையின்போது தற்செயலாகத் தெரியவரும் அழற்சி. புராஸ்டேட் அழற்சியின் அறிகுறிகளோடு வருவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மூன்றாம் வகையே இருக்கிறது. வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, பிற காரணங்கள் இல்லை என்று உறுதியான பிறகே இப்பெயரைச் சூட்டுகிறோம்.

இதில் நிகழ்வது என்ன? தொடக்கத்தில் ஒரு தொற்றோ, அடியோ, நீண்ட நேரம் உட்காரும் வேலையோ, மன அழுத்தமோ காரணமாக இருக்கலாம். அதனால் இடுப்புத்தளத் தசைகள் இறுகுகின்றன. முள் தைத்த காலை ஊன்றாமல் நடப்பவனுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொள்வதுபோல, வலிக்கு அஞ்சித் தசை இறுகுகிறது. இறுகிய தசையே புதிய வலியைத் தருகிறது. நாளடைவில் நரம்புகள் கூர்மையடைந்து சிறிய உணர்வையும் பெரிய வலியாக அறிவிக்கின்றன. கவலையும் உறக்கமின்மையும் அதை மேலும் வளர்க்கின்றன. முள்ளை எடுத்த பிறகும் வலி நிற்காத நிலை இது. இங்கே ஆறாவது வகை ஆன்டிபயாடிக்கால் என்ன பயன்?

மருத்துவம் உண்டு. ஆனால் அது ஒரே மாத்திரையில் அடங்காது. சிறுநீர் கழிப்பதில் இடர்ப்பாடு, மனநிலை, புராஸ்டேட், தொற்று, நரம்பு, தசை என்னும் ஆறு கூறுகளில் எவை ஒரு நோயாளியிடம் இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்து, அவற்றுக்கேற்ப மருத்துவம் செய்யும் முறை 2009-இல் முன்வைக்கப்பட்டது. சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் மாத்திரை ஒருவருக்கு உதவும். நரம்பு வலிக்கான மருந்து மற்றொருவருக்கு உதவும். பலருக்கு இயன்முறை மருத்துவரின் தசைத் தளர்வுப் பயிற்சி உதவும். ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கும் பயிற்சியைப் பிறர் சொல்லக் கேட்டுச் செய்யாதீர்கள், வலி கூடலாம். வெதுவெதுப்பான நீர் நிறைந்த அகலமான தொட்டியில் பத்து, பதினைந்து நிமிடம் அமர்வது, மணிக்கு ஒரு முறை இருக்கையை விட்டு எழுந்து நடப்பது, நாள்தோறும் நடைப்பயிற்சி, மலச்சிக்கல் இல்லாத உணவு, காபியும் மதுவும் காரமும் வலியைக் கூட்டுகின்றனவா என்று கவனித்துக் குறைப்பது ஆகியவை துணை செய்யும். முன்னேற்றம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வரும். இது புற்றுநோய் அன்று என்பதை மட்டும் மனத்தில் உறுதியாகக் கொள்ளுங்கள்.

என்னென்ன பரிசோதனைகள்?

சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் முதலில் செய்யப்படும். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே கல்ச்சர் எடுக்க வேண்டும். மாத்திரை உண்ட பின் எடுத்தால் கிருமி தெரியாமல் போகலாம். இரத்தத்தில் சர்க்கரையும் கிரியாட்டினினும் பார்க்கப்படும். வயிறு, சிறுநீர்ப்பை, தேவையெனில் விரை ஆகியவற்றின் ஸ்கேன் எடுக்கப்படும். சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் அதில் தெரியவரும்.

பலர் அஞ்சுவது விரல் பரிசோதனையை. மருத்துவர் கையுறை அணிந்து, வழுக்கும் களிம்பு தடவி, ஆசனவாய் வழியே ஒரு விரலால் புராஸ்டேட்டையும் தசைகளையும் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் சம்மதமின்றி இது செய்யப்படாது. உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையைத் தொற்று இருக்கும்போது செய்தால் அளவு கூடியே தெரியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தொற்று தணிந்து சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்போம்.

மூன்று தவறுகள்

ஒன்று, மிச்சமிருக்கும் மாத்திரை. சென்ற ஆண்டு அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கைத் தம்பி இரண்டு நாள் உண்பதால் கிருமி சாவதில்லை, மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. சிறுநீர்த் தொற்றுக்குப் பரவலாகத் தரப்படும் சில ஆன்டிபயாடிக் வகைகள் காசநோயின் அறிகுறிகளைச் சிறிது காலம் அமுக்கி, நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தவும் கூடும்.

இரண்டு, வலிக்கு ஊசி. வேலைக்குப் போயாக வேண்டும் என்பதற்காக அடிக்கடி வலிநிவாரணி ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொள்பவர்கள், அதிலும் நீர் வற்றிய உடலோடு எடுத்துக்கொள்பவர்கள், தங்கள் சிறுநீரகத்தையே விலையாகக் கொடுக்க நேரும்.

மூன்று, சுவரொட்டியை நம்புதல். கழிப்பறைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் “ஆண்மை” விளம்பரங்கள் அச்சத்தை விற்பவை. விந்து வெளியேறினால் உடல் வற்றிவிடும், அதனால்தான் இந்த வலி என்று இளைஞர்களிடம் கூறிப் பெருந்தொகை பறிக்கிறார்கள். விந்து உடலில் தொடர்ந்து உருவாகிக்கொண்டே இருப்பது. அது வெளியேறுவதால் நரம்பு தளர்வதுமில்லை, உடல் வற்றுவதுமில்லை. இந்த ஓர் உண்மையைத் தெரிந்துகொண்ட அன்றே உறக்கம் வந்ததாகச் சொன்ன இளைஞர்கள் உண்டு.

குடும்பத்தாருக்கு

நம் ஆண்கள் காலில் முள் தைத்தால் ஊருக்கே சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே வலித்தால் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டில் உள்ளவர்கள் அறிகுறிகளைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். இரவில் பலமுறை எழுதல், இருக்கையில் ஒருபக்கமாகச் சாய்ந்து அமர்தல், மிதிவண்டியையோ மோட்டார் சைக்கிளையோ தவிர்த்தல், காரணமின்றிச் சினத்தல், மனைவியிடமிருந்து விலகுதல் ஆகியவை அடையாளங்களாக இருக்கலாம். மனைவியரே, அந்த விலகலை வெறுப்பென்று கொள்ளாதீர்கள். அதன் பின்னால் வலி இருக்கக்கூடும். “வலிக்கிறதா?” என்று மென்மையாகக் கேளுங்கள். மருத்துவமனைக்கு உடன் வாருங்கள். அறைக்குள் அவர் தனியே பேச விரும்பினால் வெளியே சற்றுக் காத்திருங்கள். நெடுநாள் வலியால் வாழ்வே வெறுத்துவிட்டது என்று அவர் கூறினால், அதைப் பேச்சாக எண்ணிக் கடந்துவிடாமல் அன்றே எங்களிடம் தெரிவியுங்கள்.

வரும்போது எழுதிக்கொண்டு வாருங்கள்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலை நிறுவி மருத்துவத்தை வளர்த்தவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் கண்களின் படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. நோயாளியின் வரலாற்றை எழுதி வைத்தால்தான் நோய் விளங்கும் என்பதை இவ்வூர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. நீங்களும் ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள்.

1. வலி எப்போது தொடங்கியது? திடீரென்றா, மெல்ல மெல்லவா?
2. எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது? விலா, கவட்டி, விரை, ஆசனவாய்ப் பகுதி, ஆண்குறி நுனி?
3. எதனால் கூடுகிறது? உட்காருதல், சிறுநீர் கழித்தல், மலம் கழித்தல், சுமை தூக்குதல், பாலுறவு?
4. காய்ச்சல், நடுக்கம், வாந்தி, எடை குறைதல், சிறுநீரில் இரத்தம், கசிவு உண்டா?
5. பகலில் எத்தனை முறை, இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறீர்கள்? தாரை மெலிந்துள்ளதா?
6. நீரிழிவு, காசநோய், கல், முந்தைய அறுவை ஏதேனும் உண்டா? வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்ததா?
7. இதுவரை உண்ட மாத்திரைகளின் பெயர்கள் என்ன? பெயர் தெரியாவிட்டால் அட்டைகளையே எடுத்து வாருங்கள். நாட்டு மருந்தானாலும் மறைக்காதீர்கள்.
8. இந்த வலியால் நீங்கள் செய்ய முடியாமல் விட்ட வேலை எது?

எட்டாவது கேள்விக்கான விடையைக் கடைசியில், சற்றுத் தயங்கித்தான் பலர் கூறுகிறார்கள். ஒருவர் நடவுக்கு வயலில் இறங்க முடியவில்லை என்பார். ஒருவர் பேரனை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பார். எங்களுக்கு அந்த விடை ஸ்கேன் படத்துக்கு நிகரானது. மருத்துவம் பலன் தருகிறதா என்பதை அதைக் கொண்டே அளக்கிறோம்.

அடுத்த முறை “சூடு பிடித்துவிட்டது” என்று தோன்றினால் இளநீர் குடியுங்கள், நிழலில் ஓய்வெடுங்கள். மேலே கூறிய அவசர அறிகுறிகளுள் ஒன்றிருந்தாலும் அந்நேரமே புறப்படுங்கள். அவசரம் ஏதுமில்லை, ஆனால் இரண்டு மூன்று நாள்களில் தணியவும் இல்லை என்றால், அந்தத் தாளோடு எங்கள் சிறுநீரியல் பிரிவுக்கு வாருங்கள். சொல்லக் கூசும் வலியை நாங்கள் நாள்தோறும் கேட்கிறோம். நீங்கள் சொல்லத் தொடங்கினால் காரணத்தைச் சேர்ந்தே தேடலாம்.